ஏழுக்கு இரண்டு

பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரத்தில் முப்பது மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலம் அது. அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை, மூங்கில் தடுப்பு. கிள்ளான் ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் ஏறுவது அங்கேதான். காலையில் கறந்த பாலை ரயில்வே குடியிருப்பில் வீடு வீடாக ஊற்றிவிட்டு வந்து பெண்கள் சாணி அள்ளுவார்கள். ஆண்கள் பங்சார் பக்கம் தண்டவாள ஓரத்தில் புல்லறுக்கப் போவார்கள். அறுத்த புல்லை ஒரே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகைக்கு இத்தனை கட்டு என்று பிரித்துக்கொள்வது வழக்கம்.

அந்த முப்பதில் ஒன்று டொரத்தியுடையது. ஐந்து மாடுகள், அதில் இரண்டு சினை. அவள் புருஷன் வாலண்டைன், ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் பதினெட்டு வருஷம் சரிபார்க்கும் கிராணியாக இருந்தவன். வரும் மூட்டைக்கும் அதன் சீட்டுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் வேலை. 1931 ஜூனில் ஆள்குறைப்பு வந்தபோது அவன் பேரும் பட்டியலில் இருந்தது. அதுவரை டொரத்தியின் மாடுகள் கைச்செலவுக்கு என்று இருந்தவை. ஜூனுக்குப் பிறகு அவைதான் சோறு.

நவம்பர் கடைசியில், ஒரு வாரமாக மழை விடாதிருந்த ஒரு காலையில், டொரத்தி பால் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். கொட்டகைக் காலில் மஞ்சள் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. அடுத்த கொட்டகையில், அதற்கடுத்ததிலும் அதேதான். வாலண்டைன் நின்றுகொண்டே படித்துச் சொன்னான்.

"மாட்டுக்காரர்களே, டவுன் போர்டில் உங்கள் கொட்டகைகளை இடிக்கக் கை தூக்கியவர் யார்? கொர்னேலியஸ். இரண்டு வெள்ளைக்காரர்கள்கூட மனமிரங்கி எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நம் ஆள் போடவில்லை. சங்கத் தேர்தலில் ஜெயராஜை ஆதரியுங்கள்."

கொர்னேலியஸ் மருந்துக்கடை வைத்திருந்தவர். டவுன் போர்டில் அரசாங்கம் நியமித்த ஒரே தமிழர். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் சங்கத்துக்கு அந்த வருஷம் தலைவர் தேர்தல் வந்தபோது அவரும் நின்றார், வக்கீல் ஆபீசில் வேலை பார்த்த ஜெயராஜும் நின்றார். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேர்தல். மாடு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் சங்கத்தில் உறுப்பினர்கள்.

கொட்டகைகளை எடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்ற பேச்சு அக்டோபரிலிருந்தே இருந்தது. அன்றுதான் அது எழுத்தாக வந்தது. டொரத்தி நோட்டீசைக் கிழிக்கவில்லை. கன்றை அவிழ்த்துக் கட்டினாள், தொட்டியில் புண்ணாக்கு கரைத்தாள், மறுபடியும் போய்க் கன்றைப் பிடித்துக் கட்டினாள்.

"நம்ம மக ஜோசஃபினுக்கு ஞானத்தகப்பன் அவரு" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அவரா தூக்கினாரு?"

"தெரியலையே டொரத்தி. பேப்பர்ல இருக்கிறதத்தான் படிச்சேன்."

கொர்னேலியஸ் தரப்பு சும்மா இருக்கவில்லை. நான்கே நாளில் ஒரு வெள்ளை நோட்டீஸ் வந்தது. உங்கள் கொட்டகைகளைக் காப்பாற்றியவர் கொர்னேலியஸ், பொய்யை நம்பாதீர்கள் என்று அதில் இருந்தது. சங்கக் கட்டடத்தில் நாற்காலி தூக்கி அடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. செயலாளர் தம்புசாமி, மூன்று பேர் விசாரித்துத் தேர்தலுக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஒருவர் அவர். இன்னொருவர் துணிக்கடை நாச்சியப்பன். மூன்றாவது யார் என்று பேச்சு வந்தபோது நாச்சியப்பன் வாலண்டைன் பேரைச் சொன்னார். அவனுக்கு மருந்துக்கடைக்காரர் ஞான உறவு, அவன் வீட்டிலே மாடும் இருக்கிறது, இரண்டு பக்கமும் இழுப்பு இருக்கிற ஆள் நடுவில் நிற்பான் என்பது அவர் கணக்கு.

வாலண்டைன் ஒத்துக்கொண்டு வந்ததைக் கேட்டு டொரத்தி அன்று அவனோடு பேசவில்லை. மறுநாள் மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஜெயராஜ் வந்தா ரெசிடெண்டு தொரைகிட்ட நம்மளக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. கொட்டகைய விட மாட்டேன்னு சொல்லியிருக்காரு. நோட்டீஸ் பொய்யின்னு நீங்க எழுதினா அவரு தோத்துப்போவாரு. அப்புறம் நமக்குன்னு பேச யாரு இருக்கா?"

"உண்மைன்னா உண்மைன்னு எழுதப் போறேன்."

"உண்மையாத்தான் இருக்கும். கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான்.

முதலில் ஜெயராஜைத்தான் போய்ப் பார்த்தான். நோட்டீசில் போட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டான். ஜெயராஜ் தயங்கவே இல்லை. மேசையைத் திறந்து இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்டோபர் இருபதாம் தேதிக் கூட்டம். நகர எல்லைக்குள் இருக்கும் மாட்டுக் கொட்டகைகள் பற்றிய தீர்மானம், திருத்தப்பட்டபடி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறைவேறியது. கொர்னேலியஸ் பெரும்பான்மையோடு ஓட்டளித்தார். எதிர்த்த இருவர் பேரும் வெள்ளைக்காரர் பேர்கள். நோட்டீசில் இருந்த எல்லாமே அந்தத் துண்டில் இருந்தது.

டொரத்தியிடம் வந்து சொன்னான். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று மாலை அடுத்த கொட்டகை ரமணியிடமும் அவள் புருஷன் கன்னையாவிடமும் அவளே போய், நோட்டீஸ் நிஜம்தான், வீட்டுக்காரர் பார்த்துவிட்டார் என்று சொன்னாள். கன்னையா ஆற்றோரத்தில் மூத்தவன், எட்டு மாட்டுக்காரன், அவன் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, கிராணியார் நல்லவர் என்றான்.

ஆனால் வாலண்டைனுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. 'திருத்தப்பட்டபடி' என்ற சொல் அவனை விடவில்லை. பார்சல் ஆபீசில் ஒரு சீட்டில் ஏதாவது அடித்துத் திருத்தியிருந்தால், அடிப்பதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று பார்க்காமல் அவன் மூட்டையை விட்டதில்லை. எதைத் திருத்தினார்கள்? யார் திருத்தச் சொன்னது?

புதன்கிழமை மழையில் நனைந்துகொண்டே டவுன் போர்டு ஆபீசுக்கு நடந்தான். அங்கே பதிவேட்டுக் கிராணி நாகையா, ரயில்வே காலத்திலிருந்தே தெரிந்தவன். கூட்டக் குறிப்புகளை யார் கேட்டாலும் காட்ட வேண்டியதுதான், இத்தனை வருஷத்தில் கேட்டு வந்த தமிழன் நீதான் என்று சொல்லிக்கொண்டே தடித்த புத்தகத்தைத் தூக்கிப் போட்டான். வாலண்டைன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தான்.

அன்று ஓட்டு ஒருமுறை நடக்கவில்லை. இருமுறை நடந்திருந்தது. முதலில் வந்த தீர்மானம், எல்லாக் கொட்டகைகளையும் மூன்று மாதத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது. அதற்கு ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். மூன்று மாதம் அல்ல, ஒரு வருஷம். அதற்குள் சிமெண்டுத் தரையும் சாக்கடையும் போட்டுக்கொள்கிற கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுத்து அங்கேயே விட்டுவிடலாம். இந்தத் திருத்தம் ஐந்துக்கு நான்கு என்று தேறியது. அந்த ஐந்தில் ஒரு கை கொர்னேலியஸுடையது. அது இறங்கியிருந்தால் திருத்தம் விழுந்திருக்கும், மூன்று மாதம் நின்றிருக்கும். அதற்குப் பிறகுதான் திருத்திய தீர்மானத்துக்கு ஓட்டு, ஏழுக்கு இரண்டு. எதிர்த்த இரண்டு வெள்ளைக்காரர்களும் காரணம் சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷம் என்பது அதிகம், ஊர் நடுவில் மாடுகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் கூடாது.

வாலண்டைன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மனமிரங்கியவர்கள் என்று நோட்டீஸ் கும்பிட்ட இருவர்தான் கொட்டகைகளை உடனே எடுக்கச் சொன்னவர்கள்.

அதோடு மூடிவிட்டு எழுந்திருக்கலாம். அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி ஏதாவது உண்டா என்று பக்கத்தைப் புரட்டினான். நவம்பர் கூட்டத்தில் இருந்தது. லைசென்ஸ் வேண்டுகிறவர்கள் டிசம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள் மனுக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத் தவணை அவர்களுக்கு மட்டும்தான், கொடுக்காதவர்களின் கொட்டகைகள் மார்ச் முடிவில் எடுக்கப்படும். வந்திருந்தவர்கள் பட்டியலில் கொர்னேலியஸ் பேர் இல்லை.

"இது எங்க போட்டாங்க, நாகையா?"

"வெளியில பலகையில ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல."

"எத்தன மனு வந்திருக்கு?"

"ஆத்தோரத்துலருந்து ஒண்ணும் வரல."

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

அங்கிருந்து நேரே மருந்துக்கடைக்குப் போனான். கொர்னேலியஸ் அவனைக் கண்டதும் எழுந்து, குறிப்பைப் பார்த்தாயா, நான் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பித்தார். வாலண்டைன் எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு நவம்பர் கூட்டத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டான். அவருக்குக் காய்ச்சல். கூட்டத்துத் தாள்கள் தபாலில் வந்தன, பிரிக்க நேரமில்லை. சனிக்கிழமைக் கெடு அவருக்கே தெரியாது. காப்பாற்றினேன் என்று நோட்டீஸ் போட்டவர், மனுப் போடவில்லையென்றால் காப்பாற்றியதும் போய்விடும் என்பதைக் கேட்டு மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இதை மட்டும் எழுதாதே வாலண்டைன் என்று மெதுவாகச் சொன்னார். அவன் கடைப்படி இறங்கி வந்தான்.

வியாழக்கிழமை ஜெயராஜைப் பார்த்தான். ஜெயராஜ் கெட்டவர் அல்ல. பத்திரிகையில் வந்ததை உண்மையென்று நம்பித்தான் அச்சடித்திருந்தார். இரண்டு ஓட்டு நடந்த கதையை வாலண்டைன் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

"இப்ப உங்களுக்குத் தெரியும். அதனாலதான் வந்தேன். நீங்க சொன்னா கேப்பாங்க. மனுப் போடச் சொல்லுங்க."

"போர்டுக்கு எந்த மனுவும் போட வேணாம்னு நானே சொல்லியிருக்கேன், வாலண்டைன். போட்டா நாமளே அந்தத் தீர்மானத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு சொல்லியிருக்கேன்."

"மாத்திச் சொல்லுங்க."

ஜெயராஜ் வெளியே மழையைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்றேன். தேர்தல் முடியட்டும்."

"கெடு சனிக்கிழமை மத்தியானம் லா."

"கெடுவ நீட்டிக்கச் சொல்லிக் கேக்கலாம். தலைவரா இருந்து கேட்டா ஒரு மதிப்பு இருக்கும்."

வாலண்டைன் எழுந்து குடையை விரித்தான். அவன் வீடு சேர்வதற்குள் செய்தி ஆற்றோரத்துக்குப் போய்விட்டது. கிராணி மருந்துக்கடைக்காரருக்கு விலைபோய்விட்டான், நோட்டீஸ் பொய் என்று எழுதப் போகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று வண்டியில் புல் வந்தபோது டொரத்திக்குக் கட்டு இல்லை. வண்டிக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் கன்னையா அண்ணன் சொல்லிவிட்டார் என்றான். அவள் கன்னையாவிடம் போகவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு பங்சார் தண்டவாளம் வரைக்கும் நடந்தாள். ஈரப் புல் கனமாக இருந்தது. லாலாங் புல்லின் விளிம்பு கையைக் கிழித்தது. இரண்டு கட்டுதான் தலையில் ஏறும். இரண்டு நடை நடந்து நான்கு கட்டு கொண்டுவந்தாள். ஐந்து மாட்டுக்கு அது போதாது. சாயங்காலம் கறந்தபோது பால் செம்பில் வழக்கமான அளவுக்கு விரல் உயரம் கீழேயே நின்றது.

வாலண்டைன் வந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஈரச் சேலையோடு கேட்டுக்கொண்டு நின்றாள். எதற்கு அந்தப் பக்கத்தைப் புரட்டினீர்கள் என்று அவள் கேட்பாள் என்று அவன் பயந்திருந்தான்.

"மனுப் போட்டா, ஒரு வருசத்துல சிமெண்டு போடணுமா?" என்றாள்.

"ஆமா."

"மனுவே போடாட்டி?"

"மார்ச்சுல எடுத்துடுவாங்க."

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் நான்தான் போய்ச் சொன்னேன், நோட்டீஸ் நெசந்தான்னு. நீங்க பாதி படிச்சுட்டு வந்து சொன்னீங்க, நான் அதத் தூக்கிக்கிட்டு ஓடினேன்." ஒவ்வொரு மாடாகப் போய் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். தம்புசாமிக்கு இது சிக்கலாகவே தெரியவில்லை. கை தூக்கினாரா இல்லையா என்பதுதான் கேள்வி, தூக்கினார், உண்மை என்று ஒரு வரி எழுதி முடிக்கலாம் என்றார். நாச்சியப்பன், இரண்டு பக்கமும் நம்மிடம் துணி எடுக்கிறவர்கள், ஒன்றும் முடிவாகவில்லை என்று எழுதலாமா என்றார்.

வாலண்டைன் பேசினான். "சீட்டுல கிள்ளான் போகவேண்டிய மூட்டைன்னு இருக்கு. யாரோ கிள்ளான அடிச்சுட்டு செமினின்னு எழுதிட்டாங்க. மூட்டை அதே மூட்டைதான், உள்ள இருக்கிறதும் சரிதான். ஆனா போற எடம் வேற. அவரு கை தூக்கினது நெசம். எந்தக் கேள்விக்குத் தூக்கினாரு, தூக்காம இருந்தா என்ன ஆயிருக்கும், அதையும் சேத்து எழுதணும். இல்லாட்டி நாமளும் சீட்ட மாத்தினவங்கதான்."

தம்புசாமி தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். கொர்னேலியஸ் கை தூக்கியது உண்மை. இடிப்பதற்காகத் தூக்கினார் என்பது உண்மையல்ல. எதிர்த்த இருவர் மாட்டுக்காரர்களுக்காக எதிர்க்கவில்லை. கொட்டகைகளைக் காப்பாற்றினார் என்பதும் முழு உண்மையல்ல. மனுப் போடுகிறவர்களுக்குத்தான் காப்பு.

"நாளைக்கு மத்தியானம் கெடுன்னு ஒரு வரி போடுங்க" என்றான் வாலண்டைன்.

"அத நம்மகிட்ட யாரும் கேக்கலையே."

"அந்த வரி இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நாச்சியப்பன்தான் முடித்துவைத்தார். மற்றதையெல்லாம் சண்டை போடுவதற்குப் படிப்பார்கள், இந்த ஒரு வரியாவது யாருக்காவது உதவட்டும் என்று சொல்லிப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பலகையில் ஒட்டிய சிறிது நேரத்தில் கூட்டம் சேர்ந்தது. ஜெயராஜ் ஆள் ஒருவன் முதல் வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, சொன்னோமா இல்லையா என்று திரும்பினான். கொர்னேலியஸ் ஆள் இரண்டாவது வரியைப் படித்தான். கடைசி வரி வரைக்கும் யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. வாலண்டைன் முண்டிக்கொண்டு முன்னே போய்ப் படிக்கப் பார்த்தான். எவனோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், பொத்தான் தெறித்தது.

டொரத்தி தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆற்றோரத்துக்கு நடந்தாள். அவளுக்குப் புல் கொடுக்காத கொட்டகைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். ஆண்களிடம் போகவில்லை. சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண்களிடம், தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர்களிடம், முதலில் தான் சொன்னது தப்பு என்று சொன்னாள். பிறகு நாளை மத்தியானம் என்று சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரமணி வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானக்கா அன்னிக்கு வந்து நெசம்னு சொன்னீங்க."

"சொன்னேன். பாதி தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னேன்."

"எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாரு. மனுப் போட்டா கால ஒடிப்பேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்காரு."

"எனக்குத் தெரியும் ரமணி. சொல்ல வேண்டியது என் கடம, சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வாலண்டைன் டவுன் போர்டு ஆபீஸ் வாசல்படியில் தாளும் மைக்கூடுமாக உட்கார்ந்து வந்தவர்களுக்கு மனு எழுதினான். முதல் மனு டொரத்தியுடையது. பத்து மணிக்குள் ஆறு பேர். பதினொன்றரைக்குப் பதினேழு. டொரத்தி படியில் நின்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னையாவோடு சேர்ந்தவர்கள் யாரும் வரவில்லை. உள்ளே நாகையா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக முத்திரை குத்தினான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரமணி வந்தாள். தனியாக வந்தாள். பால் ஊற்றப் போகிறவள் மாதிரி கையில் செம்பு, காலில் சேறு. பின்னால் யாரும் வருகிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். வாலண்டைன் அவசரமாக எழுதிக் கன்னையா என்ற பேரைப் போடப் போனபோது அவள் தடுத்தாள். அவர் பேரைப் போட்டால் அவரே வந்து வாபஸ் வாங்கிவிடுவார், என் பேரைப் போடுங்கள் என்றாள்.

ஜன்னலில் நாகையா மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தான். "கொட்டகை கன்னையாவோடதுல்ல? நீ எப்படிப் போடலாம்?"

ரமணி செம்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"எட்டு மாட்டுக்கும் சாணி அள்ளுறது நான். தண்ணி காட்டுறது நான். கறக்கிறது நான். இருபத்தாறு வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போனது நான். அவரு அப்போ செலாயாங்குல கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. வேற என்ன வேணும் எழுதிக்க?"

நாகையா கடிகாரத்தைப் பார்த்தான். மனு கொடுப்பவர் கொட்டகையை நடத்துகிறவராக இருக்க வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மைப்பெட்டியை நகர்த்தினான். அவள் கட்டைவிரலை அழுத்தினாள். பதினெட்டாம் எண்.

மறுநாள் தேர்தலில் ஜெயராஜ் ஜெயித்தார், நல்ல வித்தியாசத்தில். கெடுவை நீட்டிக்கச் சொல்லி எழுதினார். போர்டு மறுத்துவிட்டது. மார்ச் கடைசியில் ஆட்கள் வந்து பன்னிரண்டு கொட்டகைகளைப் பிரித்தார்கள். மூங்கிலும் அத்தாப்பும் ஆற்றோரம் குவிந்து கிடந்தன. சிலர் மாட்டை ஓட்டிக்கொண்டு கிள்ளான் பக்கம் போனார்கள். சிலர் விற்றுவிட்டுக் கித்தா மரம் சீவ ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அன்று காலை கன்னையா எட்டு மாட்டையும் அவிழ்த்துக் கையில் கயிற்றோடு நின்றிருந்தான். ஆட்கள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு அவன் கொட்டகையைத் தாண்டிப் போனார்கள். அவனுக்குக் காரணம் புரியவில்லை. ரமணி தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். டொரத்திக்குப் புல் கட்டு மறுபடி வர ஆரம்பித்து, இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஆற்றுமணல் சுமந்து சிமெண்டுத் தரை போட்ட சமயம். வேலை ஓய்ந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கன்னையா ஈரத் தரையைக் காட்டிச் சொன்னான்.

"எல்லாம் நம்ம தலைவரு ஜெயராஜ் செஞ்சது, கிராணியாரே. தொரைகிட்ட நேர்ல பேசி, சிமெண்டு மட்டும் போட்டுக்கிட்டா போதும்னு நம்ம கொட்டகைய விடச் சொல்லிட்டாரு."

வாலண்டைன் கோப்பியைக் கீழே வைத்தான். எழுத்தில் இருந்தது, தேதியும் எண்ணும் முத்திரையும் இருந்தன, எல்லாம் அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். ரமணி அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். அவள் கையில் சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது.

அவன் கோப்பியை எடுத்துக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.